நீடித்து உழைக்கும், மறுசுழற்சிக்கு ஏற்ற மருத்துவக் கருவிகள்: மருத்துவமனைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவக் கருவிகளின் ஆயுளைக் குறைப்பது எது?

உழைத்துத் தேய்ந்து போகும் கருவிகள் குறைவு. துடைத்துத் துடைத்தே கெடும் கருவிகள்தான் அதிகம். ஐ.சி.யு.வில் இருக்கும் ஒரு மானிட்டரை நாளைக்கு 6 முறை துடைத்தால் ஆண்டுக்கு 2,190 முறை அதன்மேல் கிருமிநாசினி படுகிறது. அதைத் தாங்காத பிளாஸ்டிக் என்றால் முதலில் பட்டன்மேல் உள்ள எழுத்து அழியும். பிறகு ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு விடும். அதன் வழியே ஈரம் உள்ளே போய் சர்க்யூட் போர்டு கெடும். பழுது பார்ப்பவர் ‘போர்டு போய்விட்டது’ என்று எழுதிக் கொடுப்பார். உண்மையில் முதலில் போனது மேல்மூடி.

அடுத்த காரணம் சின்ன பாகங்கள். ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஒரு கேபிள், ஒரு சக்கரம், ஒரு பேட்டரி. அவை தனியாகக் கிடைக்காவிட்டால் மற்றபடி நன்றாக இருக்கும் கருவி முழுவதும் ஸ்டோர் ரூமின் மூலைக்குப் போய்விடும்.

அதனால் கருவி வாங்கும்போது ‘எத்தனை ஆண்டு உழைக்கும்?’ என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எல்லோரும் பத்து ஆண்டு என்றுதான் சொல்வார்கள். இதை எந்த மருந்தால் துடைக்கலாம், முதலில் போகும் பாகம் எது, அதைக் கழற்ற எந்தக் கருவி வேண்டும் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் மறுபயன்பாட்டுக் கருவியாக மாற்றிவிட முடியுமா?

முடியாது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. முடிவெடுக்க உதவுவது, உடலில் எங்கே படுகிறது என்பதை வைத்துக் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கும் ஸ்பால்டிங் வகைப்பாடு. உடலின் திசுவுக்குள்ளோ ரத்தத்துக்குள்ளோ போகும் கருவிகள் முழுக் கிருமிநீக்கம் செய்யப்பட வேண்டும். சளிப்படலத்தையோ சிதைந்த தோலையோ தொடுபவைக்குக் குறைந்தது உயர்நிலைக் கிருமிநீக்கம் (கிருமி வித்துகள் தவிர மற்றவற்றைக் கொல்வது) வேண்டும். நல்ல தோலை மட்டும் தொடும் ரத்த அழுத்தப் பட்டை, ஆக்சிஜன் அளவு காட்டும் விரல் கிளிப், ஸ்டெதஸ்கோப் போன்றவற்றுக்குச் சுத்தம் செய்து துடைத்தால் போதும்.

மூன்றாம் வகையில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பொருள் வாங்குவதற்குப் பெரும்பாலும் நியாயம் இல்லை. மாற்றத்தைத் தொடங்க ஏற்ற இடம் அதுதான். முதல் வகையில் அறுவைக் கத்திரி, ஃபோர்செப்ஸ் போன்ற திடமான உலோகக் கருவிகள் தலைமுறை தலைமுறையாக, அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் போய் வருகின்றன. ஊசி, சிரிஞ்ச், நீண்ட மெல்லிய குழாய் கொண்ட கத்தீட்டர் ஆகியவற்றை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். உட்புறத்தைக் கண்ணால் பார்க்கவோ பிரஷ்ஷால் தேய்க்கவோ முடியாத குழாயைச் சுத்தம் செய்தோம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அழுக்கு போகாத இடத்தில் நீராவியும் தன் வேலையைச் செய்யாது.

மறுபயன்பாட்டுக் கருவிக்கு விலை அதிகம். கணக்கு எப்படிப் போடுவது?

ஒரு பயன்பாட்டுக்கு எவ்வளவு என்று போட வேண்டும். வாங்கிய விலையையும் ஆயுள் முழுவதும் மாற்றும் உதிரிபாகச் செலவையும் கூட்டி, எதிர்பார்க்கும் பயன்பாட்டு எண்ணிக்கையால் வகுத்து, அதோடு ஒருமுறை கழுவிக் கிருமிநீக்கம் செய்யும் செலவைச் சேர்க்கவும். ஒருமுறைப் பொருளுக்கு அதன் விலையோடு கழிவை அப்புறப்படுத்தும் செலவையும் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசித் தொகை வேறு துறையின் பட்ஜெட்டில் இருப்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, மறுபயன்பாட்டுக் கருவி 40 அலகு, உதிரிபாகம் 10 அலகு, 200 பயன்பாடு, ஒருமுறை கழுவ 0.30 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். 50-ஐ 200-ஆல் வகுத்தால் 0.25, கழுவும் செலவோடு 0.55. ஒருமுறைப் பொருள் 1 அலகு, கழிவுச் செலவு 0.10, ஆக 1.10. பாதிக்குப் பாதி லாபம். சுமார் 63 பயன்பாட்டிலேயே போட்ட முதல் திரும்பிவிடும்.

ஆனால் அதே கருவி 40-ஆவது பயன்பாட்டில் தொலைந்துபோனால்? உதிரிபாகம் எதுவும் மாற்றாவிட்டாலும் ஒருமுறைக்கு 1.30 ஆகிவிடும், ஒருமுறைப் பொருளே மலிவு. மறுபயன்பாட்டுத் திட்டங்கள் பல தோற்பது இங்கேதான். கருவி கெடுவதில்லை. அழுக்குத் துணியோடு சேர்ந்து போகிறது, குப்பைப் பையில் விழுகிறது, நோயாளியோடு வேறு வார்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொன்றிலும் எண் பொறித்து, வெளியே போனதும் திரும்பி வந்ததும் எழுதும் ஏற்பாடு இல்லாவிட்டால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதியிருந்தால் போதாதா? எந்தத் தரம் கேட்க வேண்டும்?

போதாது. தர எண்ணைக் கேளுங்கள். தட்டு, கிண்ணம், மேசை, டிராலி ஆகியவற்றுக்கு 304 தரம் நல்லது. அதில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். குளோரின் கலந்த மருந்தும் உப்பு நீரும் அடிக்கடி படும் இடத்துக்கு 316 கேட்கலாம். அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் குழிவிழுந்து அரிப்பது குறையும். 201, 202 ஆகியவை நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தவை. கடையில் பார்க்க அதே பளபளப்புதான். ப்ளீச் படும் வார்டில் ஓரங்களிலும் வெல்டிங் இடங்களிலும் சீக்கிரமே பழுப்புப் புள்ளிகள் வரும்.

காந்தம் வைத்துப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். அது பாதி உண்மை. 304 தகட்டில் காந்தம் ஒட்டாது, ஆனால் வளைத்து அழுத்திய இடங்களில் லேசாக ஒட்டக்கூடும். 202-லும் காந்தம் ஒட்டாது என்பதால் மட்டமான தரத்தைக் கண்டுபிடிக்க அது உதவாது. வெட்டும் கருவிகளோ நேர் எதிர். கத்திரிக்கு 420 போன்ற கடினமாக்கக்கூடிய எஃகுதான் வேண்டும், அதில் காந்தம் பலமாகவே ஒட்டும். ‘காந்தம் ஒட்டுகிறது, போலி’ என்று நல்ல கத்திரியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 304-இல் செய்த கத்திரிக்குக் கூர்மை நிற்காது.

எந்தத் தரமானாலும் ப்ளீச்சில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் எஃகின் எதிரி. ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 விழுக்காடு கரைசல் தேவைப்படும். 5 விழுக்காடு ப்ளீச் என்றால் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர். அதை எஃகுப் பரப்பில் தடவினால், உரிய நேரம் முடிந்ததும் வெறும் தண்ணீரால் துடைத்து எடுக்க வேண்டும். தடவிவிட்டு அப்படியே காயவிடுவதுதான் பிழை.

அறுவைக் கருவியில் பழுப்பாகத் தெரிகிறது. துருவா, கறையா?

பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்து அந்த இடத்தை நன்றாகத் தேயுங்கள். நிறம் போய் அடியில் வழவழப்பான உலோகம் தெரிந்தால் அது கறை. கழுவும் நீரிலோ சோப்பிலோ சிக்கல், கருவி நன்றாக இருக்கிறது. நிறம் போன இடத்தில் ஊசிமுனை போன்ற குழி தெரிந்தால் அது அரிப்பு. அந்தக் கருவியைத் தனியே எடுத்து வையுங்கள், குழிக்குள் அழுக்கு தங்கும். மற்றக் கருவிகளோடு சேர்ந்து கிடந்தால் அவற்றுக்கும் பரவும்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: அறுவை முடிந்ததும் சலைன் நீரில் ஊறப்போட்டது, ரத்தம் காயும்வரை கழுவாமல் வைத்தது, ஆட்டோகிளேவிலிருந்து ஈரமாகவே எடுத்து அடுக்கியது. 0.9 விழுக்காடு உப்பு குறைவாகத் தோன்றலாம். எஃகின் மேல் உள்ள குரோமியம் ஆக்சைடு படலத்தைத் துளைக்க அதில் உள்ள குளோரைடு போதும். கருவியை ஈரமாக வைத்திருக்க வெறும் தண்ணீரோ அதற்கென்றே உள்ள நொதிக் கரைசலோ பயன்படுத்தவும்.

புதிதாக வாங்கும்போது சில நிமிடங்களில் செய்யக்கூடிய சோதனை: ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை (ரத்தக்குழாயைப் பிடிக்கும் கவ்வி) பூட்டின் முதல் பல்லில் மட்டும் பூட்டி, மூட்டுப் பகுதியை உள்ளங்கையில் தட்டவும், திறந்துகொண்டால் வேண்டாம். மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நுனிகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கத்திரி நுனிவரை இழுக்காமல் வெட்ட வேண்டும். மூட்டுக்குள் மணல் போல் கரகரத்தால் உள்ளே சரியாக மெருகேற்றவில்லை என்று பொருள்.

பிளாஸ்டிக் பாகங்களில் எதை நம்பலாம்?

‘மருத்துவத் தரப் பிளாஸ்டிக்’ என்ற சொல்லுக்குத் தனியாகப் பொருள் எதுவும் இல்லை. பெயரைக் கேளுங்கள். ஆட்டோகிளேவ் வழக்கமாக ஓடுவது 121 டிகிரி செல்சியஸில் அல்லது 134 டிகிரியில். இந்த இரண்டு எண்கள்தான் பிளாஸ்டிக்கின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன.

பாலிப்ரொப்பிலீன் 121 டிகிரியைத் தாங்கும். 134-இல் தட்டுகள் நெளியக்கூடும். அடர் பாலிஎத்திலீன் 130 டிகிரிக்கு அருகே உருகிவிடும் என்பதால் ஆட்டோகிளேவுக்கு ஆகாது. ஏ.பி.எஸ்., அக்ரிலிக், பாலிஸ்டைரீன் மூன்றையும் உள்ளே வைக்கவே கூடாது. பாலிகார்பனேட் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், கீழே விழுந்தாலும் உடையாது. ஆனால் நீராவியில் திரும்பத் திரும்பப் போனால் மங்கி நொறுங்கும் தன்மை வரும், காரத்தன்மை மிகுந்த சோப்பு அதை இன்னும் விரைவாகக் கெடுக்கும். பாலிசல்ஃபோன், அதைவிட மேலாகப் பாலிஃபினைல்சல்ஃபோன், 134 டிகிரியில் நூற்றுக்கணக்கான சுற்று தாங்குபவை. விலை அதிகம். உறிஞ்சுகருவியின் ஜாடி போலத் தினமும் ஆட்டோகிளேவில் போகும் பொருளுக்கு அந்த விலை கொடுக்கலாம். வாரம் ஒருமுறை துடைக்கும் மூடிக்குத் தேவையில்லை.

சூடு மட்டும் பிரச்சினை இல்லை. குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டரின் கூடு பெரும்பாலும் அக்ரிலிக். அதை ஆல்கஹாலால் துடைத்தால் சில வாரங்களில் சிலந்திவலை போன்ற மெல்லிய கீறல்கள் விழும். முதலில் கதவுக் கீல் அருகே, பிறகு கை நுழைக்கும் துளைகளைச் சுற்றி. உள்ளே இருக்கும் குழந்தையின் தோல் நிறமே சரியாகத் தெரியாமல் போகும். கூட்டை மாற்றுவதற்கு ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்கான சரியான கிருமிநாசினியை வாங்கிவிடலாம்.

அதனால் விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய ஆவணம் ஒன்று: இந்தக் கருவியின் மேல் எந்தெந்த மருந்து, எந்த அடர்த்தியில் பயன்படுத்தலாம் என்ற பட்டியல். உங்கள் மருத்துவமனையில் பயன்படுத்தும் 70 விழுக்காடு ஆல்கஹால், குவாட்டர்னரி அமோனியம், ஹைட்ரஜன் பெராக்சைடு, குளோரின் ஆகியவற்றை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘மிதமான சோப்பு நீரால் மட்டும் துடைக்கவும்’ என்று எழுதியிருக்கும் கருவி ஐ.சி.யு.வுக்கு வேண்டாம், அங்கே யாரும் அப்படித் துடைக்கப்போவதில்லை. மறுபயன்பாட்டுக் கருவியை எப்படிக் கழுவுவது, எத்தனை முறை என்ற விவரத்தை உற்பத்தியாளர் தர வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 17664 தரநிலை சொல்கிறது. தராவிட்டால் வாங்காமல் இருக்க அதுவே போதிய காரணம்.

சிலிகான் பாகங்கள் உண்மையிலேயே மேலா?

ஆட்டோகிளேவுக்கு மேல். ஆம்பு பை என்று வார்டில் சொல்லும், கையால் அமுக்கிச் சுவாசம் கொடுக்கும் பை சிலிகானில் வாங்கினால் 134 டிகிரியில் பலமுறை போய் வரும். பி.வி.சி. பை ஒருமுறைக்கானது. ஆனால் சிலிகானை மீண்டும் உருக்கி வார்க்க முடியாது. ஆக அதை வாங்குவது நீடித்த உழைப்புக்காக, மறுசுழற்சிக்காக அல்ல. விளம்பரத்தில் இரண்டையும் ஒன்றாக எழுதியிருந்தால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மறுபயன்பாட்டுப் பையில் உண்மையான ஆபத்து பொருத்தும்போது வருகிறது. வால்வுக்குள் காற்றை ஒரே திசையில் விடும் சின்ன மடல் ஒன்று கழுவும் தொட்டியில் விழுந்துவிடும், அல்லது தலைகீழாகப் பொருத்தப்படும். பார்த்தால் பை முழுமையாகவே தெரியும், அமுக்கினால் காற்று நோயாளிக்குப் போகாது. ஒவ்வொரு முறை பொருத்திய பிறகும் நோயாளிப் பக்க வாயை உள்ளங்கையால் இறுக அடைத்துப் பையை அமுக்குங்கள். எதிர்ப்புத் தெரிய வேண்டும், பை ஒடுங்கக் கூடாது. அழுத்தம் விடுவிக்கும் வால்வு உள்ள குழந்தைகள் பையில் அந்த வால்வை மூடிக்கொண்டு ஒருமுறையும், திறந்துவிட்டு ஒருமுறையும் பார்க்க வேண்டும். பத்து விநாடி வேலை. அதைச் செய்யாத பை டிராலியில் ஏறக் கூடாது.

கட்டில், டிராலி, மெத்தை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

கட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். குழாய்களின் முனை மூடியிருக்கிறதா? திறந்த குழாய்க்குள் துடைக்கும் நீர் போய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் உப்பி வரும்போது குழாய் ஏற்கெனவே பாதி போயிருக்கும். வெல்டிங் முழுச் சுற்றும் இருக்க வேண்டும், புள்ளிப் புள்ளியாக அல்ல. சாதாரண பெயின்டைவிடப் பவுடர் கோட்டிங் நிற்கும், ஆனால் பக்கக்கம்பி ஏறி இறங்கும் இடத்தில் உராய்ந்து உரியும். அந்த இடத்தில் நைலான் உறை இருந்தால் நல்லது, அதுவும் தனியாக மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

சக்கரம்தான் முதலில் போகும். 125 அல்லது 150 மில்லிமீட்டர் விட்டம் கேளுங்கள்; சின்னச் சக்கரம் லிஃப்ட் வாசல் இடைவெளியில் மாட்டும். அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டால் இறுகிவிடும் என்பதால் இரண்டு பக்கமும் மூடி உள்ள சக்கரம் நல்லது. அது ஸ்க்ரூவாலோ போல்ட்டாலோ பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தோடு வெல்டிங் செய்யப்பட்டிருந்தால் ஒரு சக்கரம் உடைந்ததற்காகக் கட்டிலையே பட்டறைக்கு அனுப்ப வேண்டிவரும்.

மெத்தைக்கு ஒரு சோதனை. உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே ஒரு டிஷ்யூ தாளை விரித்து மூடுங்கள். மேலே முஷ்டியால் அழுத்திக் குழியாக்கி அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடம் விரல்மூட்டால் அழுத்தித் தேயுங்கள். தண்ணீரைத் துடைத்துவிட்டு உறையைத் திறந்தால் தாள் காய்ந்திருக்க வேண்டும். நனைந்திருந்தால் உறை ஓட்டை. ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள மெத்தைகளுக்கும் இதைச் செய்யுங்கள்; பல இடங்களில் உறை பளிச்சென்றும் உள்ளே ஃபோம் கறுத்தும் இருக்கும். உறையைத் தனியாக வாங்க முடியும் மெத்தை என்றால் ஃபோமைக் காப்பாற்றலாம்.

மின்கருவிகளில் நீடித்த உழைப்பை எப்படிக் கணிப்பது?

ஐ.இ.சி. 60601 பாதுகாப்புத் தரநிலைச் சான்று அடிப்படைத் தேவை. அதற்கு மேல் பார்க்க வேண்டியது பேட்டரியும் கேபிளும்.

பேட்டரியைச் சேவைப் பொறியாளர் இல்லாமல் உங்கள் ஆளே மாற்ற முடியுமா? சந்தையில் கிடைக்கும் பொதுவான அளவா, அந்த நிறுவனத்திடம் மட்டும் கிடைக்கும் வடிவமா? ஈய-அமில பேட்டரியை முழுக்கக் காலியான நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து மறுபடி சார்ஜ் ஏறாது. ரத்தநாளம் வழியே மருந்து செலுத்தும் உபரி இன்ஃப்யூஷன் பம்புகள் தேவைப்படும் நாளில் இயங்காமல் போவதற்கு வழக்கமான காரணம் இதுதான். உபரிக் கருவிகளும் மின்இணைப்பிலேயே இருக்கட்டும்.

கேபிள் பெரும்பாலும் பிளக்கை ஒட்டிய இடத்தில்தான் அறும். அங்கே நெகிழ்வான கழுத்துப்பகுதி நீளமாக இருக்கிறதா பாருங்கள். கருவியோடு நிரந்தரமாக இணைந்த கேபிளைவிடப் பிடுங்கி மாற்றக்கூடியது எப்போதும் மேல். ரத்த அழுத்தப் பட்டைக்கு ஒரே வகை இணைப்பான் எல்லா மானிட்டருக்கும் பொருந்தினால் பாதி உதிரிபாகத் தலைவலி குறையும். ஐந்து நிறுவனங்களின் மானிட்டர் வாங்கினால் ஐந்து வகைப் பட்டை, ஐந்து வகைக் கிளிப், ஐந்து வகை பேட்டரி.

மென்பொருளும் ஆயுளின் ஒரு பகுதி. பழுதுபார்க்கும் மெனுவுக்குக் கடவுச்சொல் தராத கருவி இயந்திரமாக நன்றாக இருந்தாலும் பயன்பாட்டில் ஊனமானதுதான்.

‘100 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஏற்றது’ என்று அட்டையில் எழுதியிருக்கிறது. நம்பலாமா?

அந்தப் பொருளை உருக்க முடியும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மறுசுழற்சி நடக்க அது சுத்தமாக இருக்க வேண்டும், ஒரே வகைப் பொருளாகப் பிரிய வேண்டும், உங்கள் பகுதியில் அதை எடுத்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் அது வெறும் குப்பை.

பிரிப்பதைச் சோதிக்க மாதிரிக் கருவி ஒன்றைக் கேட்டு வாங்கி ஸ்க்ரூ டிரைவரோடு உட்காருங்கள். சாதாரண ஸ்க்ரூவில் நின்றால் நல்லது. பசையால் ஒட்டியதும், பிளாஸ்டிக்குள் பித்தளை மரைகளை உருக்கிப் பதித்ததும், ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாக வார்த்ததும் பிரியாது. பாகத்தின் உட்புறத்தில் பிளாஸ்டிக்கின் பெயர் இரண்டு கூர் அடைப்புக்குறிகளுக்கிடையே வார்க்கப்பட்டிருக்க வேண்டும், அது ஐ.எஸ்.ஓ. 11469 முறை. பொட்டலங்களில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் இருக்கும்: 1 பெட் (PET, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), 2 அடர் பாலிஎத்திலீன், 3 பி.வி.சி., 4 மென் பாலிஎத்திலீன், 5 பாலிப்ரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. 7 என்றால் வாங்குபவர் கிடைப்பது கடினம்.

எண் இல்லாத பொருளை ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். பி.வி.சி.யும் பெட்டும் மூழ்கும். மூழ்கும் இந்த இரண்டும் கலந்துவிடுவதுதான் மறுசுழற்சிக்காரருக்குப் பெரிய தொல்லை: பெட் உருகும் சூட்டில் பி.வி.சி. சிதைந்து அமிலம் விட்டு மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

ஆபரேஷன் தியேட்டரில் எதை மாற்றலாம்?

கருவித் தட்டுகளைச் சுற்றும் நீல நிற நெய்யப்படாத துணி பாலிப்ரொப்பிலீன். ஒருமுறை பிரித்ததும் குப்பை. அதற்கு மாற்று அலுமினியப் பெட்டி. பெட்டிக்கு வடிகட்டியும் ரப்பர் விளிம்பும் அவ்வப்போது மாற்ற வேண்டும், மூடி நசுங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். காரத்தன்மை உள்ள சோப்பில் கழுவினால் அலுமினியத்தின் மேற்பூச்சு வெளுத்துப் பொடிந்து போகும். நடுநிலை சோப்பு மட்டும் பயன்படுத்துங்கள். பெட்டி துணியைவிடக் கனம், அதனால் தூக்குபவர்களையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீலத் துணியே தொடர வேண்டிய இடங்களில், நோயாளி உள்ளே வருவதற்கு முன் பிரித்ததைத் தனிப் பையில் போட்டால் அது சுத்தமான, ஒரே வகையான, எண் 5 பிளாஸ்டிக். ஒட்டும் நாடாவைக் கத்தரித்து எடுக்க வேண்டும். நோயாளி வந்த பிறகு அந்தப் பையைக் கட்டி வெளியே வைத்துவிடுங்கள். ரத்தம் பட்ட ஒரே ஒரு துண்டு விழுந்தாலும் பை முழுவதும் தொற்றுக்கழிவு.

துவைத்து அணியும் அறுவை அங்கிக்கு 75 துவைப்பு என்பது பல உற்பத்தியாளர்கள் தரும் எண்ணிக்கை. அங்கியில் அச்சிட்ட கட்டங்களில் ஒவ்வொரு துவைப்புக்கும் ஒரு குறி போடுவார்கள். அதைப் போட மறந்தால், தடுப்புத்திறன் போன அங்கியும் நல்ல அங்கியும் ஒன்றுபோலவே தெரியும்.

எவற்றைச் சாதாரண மறுசுழற்சிக்குக் கொடுக்கவே கூடாது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 விழுக்காடு ஆபத்தில்லாதது. மீதி 15 விழுக்காட்டைக் கலந்துவிட்டால் மொத்தமும் ஆபத்தானதாகிவிடும். ஊசி, பிளேடு, ரத்தமோ உடல் திரவமோ பட்டவை, புற்றுநோய் மருந்து பட்டவை ஆகியவற்றுக்குத் தனி வழி உண்டு.

பாதரச வெப்பமானியும் ரத்த அழுத்தமானியும் தனிக்கதை. 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா ஒப்பந்தம் அவற்றின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020-ஐக் கெடுவாக வைத்தது. பழையவை அலமாரியில் இருந்தால் உடையாத மூடிய டப்பாவில் வைத்து, அபாயக் கழிவு கையாள உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். எக்ஸ்ரே குழாய்க்குள் வெற்றிடமும், கூட்டில் ஈயமும் எண்ணெயும் உண்டு. பழைய இரும்பு வாங்குபவரிடம் போகக் கூடாது. கதிர்வீச்சு மூலம் உள்ள எந்தக் கருவியையும் கதிர்வீச்சுக் கண்காணிப்பு அதிகாரியைக் கேட்காமல் இடம் மாற்றக்கூட வேண்டாம். எக்ஸ்ரே அறை ஈயக் கவசத்தையும் ஈயமாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

கருவியைக் கழிக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கிருமிநீக்கம் செய்து, செய்தவர் பெயரும் தேதியும் பயன்படுத்திய மருந்தும் எழுதிய சீட்டை ஒட்டவும். அது இல்லாமல் வெளியே அனுப்பினால் பிரிக்கும் தொழிலாளியின் கைதான் ஆபத்தில். பிறகு நோயாளிகளின் பதிவுகளை அழிக்க வேண்டும்: அல்ட்ராசவுண்ட், இ.சி.ஜி., மானிட்டர் எல்லாவற்றிலும் சேமிப்பகம் உண்டு. மெனுவில் ‘அழி’ என்று கொடுத்தால் போதாது, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்துவிடுவது நிச்சயமான வழி. பேட்டரியை எடுத்து, லித்தியம் என்றால் முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். அதே மாடல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நல்ல பாகங்களைக் கழற்றிப் பெயரெழுதி வைத்துவிட்டு, மீதியை மின்கழிவு எடுப்பவரிடம் எடை போட்டுக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் எதை எழுதி வாங்க வேண்டும்?

மாடல் உற்பத்தி நின்ற பிறகும் குறைந்தது 7 முதல் 10 ஆண்டுக்கு உதிரிபாகம், பழுதுபார்க்கும் கையேடு, சேவைக் கடவுச்சொல், உங்கள் பொறியாளருக்குப் பயிற்சி, முதலில் தேயும் பத்துப் பாகங்களின் பெயர், எண், விலை. இந்தக் கடைசிப் பட்டியலை விலைப்புள்ளியோடு சேர்த்தே வாங்க வேண்டும். கருவி வந்திறங்கிய பிறகு கேட்டால் விலை வேறாக இருக்கும். ஆயுள் முடிந்த கருவியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள். ‘சுற்றுச்சூழல் பொறுப்புள்ள முறையில் கையாளப்படும்’ போன்ற வாக்கியங்களை அடித்துவிட்டு, எங்கே போகிறது, என்ன சான்று தருவார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

புதுப்பித்த பழைய கருவியோ நன்கொடைக் கருவியோ வாங்கலாமா?

உற்பத்தியாளரோ அவர் அங்கீகரித்தவரோ புதுப்பித்ததாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். மாற்றிய பாகங்களின் பட்டியலும், ஐ.இ.சி. 62353 முறையிலான மின்பாதுகாப்புச் சோதனை அறிக்கையும் கேளுங்கள். எக்ஸ்ரே அல்லது சி.டி. என்றால் குழாய் எத்தனை காலம் ஓடியது என்பதுதான் முக்கியக் கேள்வி, வெளிப்புறப் பெயின்ட் அல்ல. நன்கொடை என்றால் உதிரிபாகமும் பயன்பாட்டுப் பொருளும் இப்போது கிடைக்கின்றனவா என்று விசாரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் மரியாதையாக மறுத்துவிடலாம். இல்லையேல் அதைக் கழிக்கும் செலவு உங்கள் தலையில்.

ஒருமுறைக் கருவியைக் கழுவி மறுபடி பயன்படுத்தினால் கழிவு குறையுமே?

கோடு போட்டு அடித்த 2 என்ற எண் வட்டத்துக்குள் இருந்தால், மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று பொருள். வார்டில் கழுவிப் பயன்படுத்தும் பேச்சே வேண்டாம். அதன் பிளாஸ்டிக் இன்னொரு கிருமிநீக்கத்துக்காக வடிவமைக்கப்படவில்லை, உள்ளே சுத்தமானதா என்று சோதிக்கவும் வழியில்லை. சில நாடுகளில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் குறிப்பிட்ட சில ஒருமுறைக் கருவிகளை எடுத்துச் சோதித்துப் புதுப்பித்துத் தருகின்றன. அங்கே சட்டப்படி அவர்களே அந்தக் கருவியின் உற்பத்தியாளராகப் பொறுப்பேற்கிறார்கள். உங்கள் கழுவும் அறையால் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது.